பசங்களுக்கு வெளி உலகத்தைக் காட்டுற பள்ளி ஆக்டிவிட்டிகள்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளில சயின்ஸ் எடுக்குறேன். மன்றம், போட்டி, களப்பயணம், கரியர் கைடன்ஸ்னு பாடத்துக்கு வெளிய எது வந்தாலும் "அது சார் பாத்துக்குவாரு"ன்னு என் தலையில கட்டிடுவாங்க, பதினோரு வருஷமா அதான் நடக்குது. புதுசா வேலைக்கு வந்த டீச்சருங்க, எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) மீட்டிங்குக்கு வர்ற பெத்தவங்க, எப்பவாவது ஊருக்கு வர்ற பழைய மாணவர்கள்னு எல்லாரும் சுத்திச் சுத்தி இதே கேள்விங்களத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

சிலபஸே முடிய மாட்டேங்குது, இதுல மன்றம், டூர் எல்லாம் தேவையா சார்?

ஒம்பதாவது பசங்ககிட்ட ஜூன் மாசம் முதல் வாரத்துல ஒண்ணு பண்ணுவேன். பழைய ரஃப் நோட்டைக் கிழிச்சு ஆளுக்கு ஒரு துண்டு பேப்பர் குடுத்து, முன்பக்கம் என்னவா ஆகணும்னு எழுது, பின்பக்கம் அதுக்கு பிளஸ் ஒன்ல எந்த குரூப் எடுக்கணும்னு எழுதுன்னு சொல்லுவேன். முன்பக்கம் யாருமே காலியா விடமாட்டாங்க. போலீஸ், டாக்டர், டீச்சர், கலெக்டர், ராணுவம், நர்ஸ், போன வருஷம் ரெண்டு யூடியூபர் கூட வந்துச்சு. பின்பக்கத்தைத் திருப்பினா பாதி வெள்ளையா இருக்கும். ஒரு பொண்ணு முன்பக்கம் நர்ஸுன்னு எழுதிட்டு பின்பக்கம் காமர்ஸ் குரூப்னு எழுதியிருந்துச்சு, ஏம்மான்னு கேட்டா ஃப்ரெண்டு அதுலதான் சேரப்போறாளாம். பி.எஸ்சி நர்சிங்குக்கு பயாலஜி வேணும்னு அந்தப் பொண்ணு வீட்லயும் தெரியாது, தெருவுலயும் சொல்ல ஆளில்ல.

இதப் பாத்ததுலேருந்து "நம்ம பசங்களுக்கு ஆசையே இல்ல"ன்னு யாராவது ஸ்டாஃப் ரூம்ல சொன்னா எனக்கு கோவம் வரும். ஆசையெல்லாம் மலையாட்டம் இருக்கு, அங்க போற பஸ்ஸு எதுன்னுதான் தெரியல. அர்ஜுன் அப்பாதுரைன்னு ஒரு மானுடவியலாளர், 2004-ல வந்த கட்டுரை ஒண்ணுல இதத்தான் சொல்றாரு: ஆசைப்படுறதும் ஒரு திறமை, வசதியானவங்களுக்கு அதைப் பழகிப் பழகி வழியெல்லாம் மேப் மாதிரி மனசுல பதிஞ்சிருக்கும், ஏழைங்களுக்குப் பழக வாய்ப்பு கம்மி, அதனால மேப்புல பாதி ரோடு இருக்காது. நாம பண்ற மன்றமும் டூரும் அந்த ரோட்டைப் போடணும். போடலேன்னா அது வெறும் பிக்னிக்தான், அதுக்கு சிலபஸையே முடிக்கலாம்னு நானே சொல்லிடுவேன்.

அதுக்கு ஒரு பெரிய ஆளைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேச வெச்சா ஆகாதா?

கூப்பிடுங்க, தப்பில்ல. ஆனா யாரைக் கூப்பிடுறோம்ங்கறதுதான் விஷயம். மடகாஸ்கர்ல பள்ளிக்கூடங்கள்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, சில பள்ளிக்கு ஏழைக் குடும்பத்துலேருந்து படிச்சு மேல வந்தவங்களையும் சில பள்ளிக்கு வசதியான வீட்டுலேருந்து வந்தவங்களையும் அனுப்பி அவங்க கதையைச் சொல்லச் சொன்னாங்க. ஏழைப் பசங்க மார்க்கு ஏறினது முதல் ஆளுங்க போன இடத்துல, பணக்கார வீட்டு ஆளு போன இடத்துல பெருசா ஒண்ணும் நடக்கல. கேட்டப்போ எனக்கு ஆச்சரியமே இல்ல. ஒரு தடவை நாங்க பெரிய பதவில இருந்தவரைக் கூப்பிட்டோம், அவரு "கடினமா உழைச்சா எதுவும் முடியும்"னு நாப்பது நிமிஷம் பேசிட்டு பொன்னாடை வாங்கிட்டுப் போயிட்டாரு, பசங்க நல்லா கை தட்டுனாங்க, அவ்வளவுதான், மறுநாள் ஒருத்தனும் அதப்பத்திப் பேசல.

அடுத்த வருஷம் எங்க ஸ்கூல்லயே படிச்ச ஒருத்தன், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில லேப் டெக்னீஷியனா இருக்கான், லீவுல வந்தவனைப் புடிச்சு உக்கார வெச்சேன். அவனுக்குப் பேசவே வராது. ஆனா பசங்க விடல. "அண்ணா, ரத்தம் பாத்தா மயக்கம் வராதா", "மாசம் எவ்ளோ வரும்ணா", "இங்கிலீஷ் மீடியம் பசங்க கிண்டல் பண்ணாங்களா", "ஹாஸ்டல்ல சோறு எப்படிணா". அவன் முதல் செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் அரியர் வெச்சதையும் சொன்னான், ஹெச்எம் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு, எனக்கு என்னமோ அன்னைக்குப் பேசுனதுல உருப்படியான விஷயமே அதுதான்னு தோணுச்சு.

பெரிய பேருங்களையும் இப்படியே சொல்லலாம். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரரு, அப்பா ரயில்வேல டெக்னீஷியன். பசங்ககிட்ட "நிலாவுல எறக்கினாரு"ன்னு மட்டும் சொன்னா அது சாமி கதை. பத்தாவது முடிச்சிட்டு பாலிடெக்னிக்ல டிப்ளமோ, அப்புறம் பி.இ., அப்புறம் திருச்சி என்.ஐ.டி., அப்புறம் சென்னை ஐஐடில பி.எச்.டி.ன்னு படி படியா போர்டுல எழுதிக் காட்டுங்க. பாலிடெக்னிக்குப் போனா அவ்வளவுதான்னு நெனச்சிருந்த பையன் நிமிந்து உக்காருவான். சூரியனை ஆராய அனுப்பின ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை அரசு பெண்கள் பள்ளில படிச்சவங்க, அதையும் அதே மாதிரி.

எந்த வகுப்புல ஆரம்பிக்கணும்?

பிளஸ் டூல ஆரம்பிச்சா லேட்டு, குரூப் எடுத்து முடிஞ்சிருக்கும். ஆறு, ஏழு, எட்டுல தொட்டுப் பாக்குற வேலை. எட்டாவதுல என்எம்எம்எஸ்ங்கற உதவித்தொகைப் பரீட்சை. ஒம்பது, பத்துல குரூப், கோர்ஸ், காலேஜ்னு பேச்சு. அஞ்சாவது பையனைப் புடிச்சு கரியர் கைடன்ஸ் குடுக்குறவங்களும் இருக்காங்க, பாவம், அவனை விளையாட விடுங்க.

அரசே நிறைய நடத்துதே, அதெல்லாம் போதாதா?

நிறையவே இருக்கு, சொல்லப்போனா நம்ம ஸ்டாஃபுக்கே எல்லாம் தெரியாது. ஆறுலேருந்து எட்டு வரைக்கும் வானவில் மன்றம், 2022 நவம்பர்ல திருச்சில தொடங்குனது, கருத்தாளர்கள் பொருளோட வந்து சயின்ஸ், கணக்கு ரெண்டையும் செஞ்சு காட்டுவாங்க. அதே வருஷத்துலேருந்து கலைத் திருவிழா, மாநில அளவுல ஜெயிச்ச பசங்கள்ல சிலரை வெளிநாட்டுக்கே கூட்டிட்டுப் போனாங்க. ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரை நான் முதல்வன்ல உயர்கல்வி வழிகாட்டுதல், பன்னெண்டு முடிக்கிறவங்களுக்கு கல்லூரிக் கனவுன்னு ஒரு வழிகாட்டி நிகழ்ச்சி. ஒன்றிய அரசு பக்கம் இன்ஸ்பயர் விருது, பையன் ஒரு ஐடியா எழுதிப்போட்டு தேர்வாச்சுன்னா மாடல் செய்ய 10,000 ரூபா அவன் அக்கவுண்டுக்கே வரும். ஒம்பதாவது பசங்களுக்கு இஸ்ரோவோட யுவிகா, ரெண்டு வாரம் தங்கி விஞ்ஞானிங்ககூட இருக்கலாம், செலவு அவங்களோடது, கிராமத்துப் பள்ளிப் பசங்களுக்கு தேர்வுல தனி வெயிட்டேஜ் உண்டு. 1993-லேருந்து நடக்குற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கு, நம்ம பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்க ஒருங்கிணைக்கிறாங்க, அதுல ஊர்ப் பிரச்சனைய எடுத்து ஆய்வு பண்ணணும், எனக்கு ரொம்பப் புடிச்சது அது.

அப்ப என்ன குறைன்னா, நடக்குது, ஃபோட்டோ எடுக்குறோம், ரிப்போர்ட் ஏத்துறோம், அடுத்த சர்க்குலர் வந்துடும். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் தொடர்பு இருக்காது. வானவில் மன்றத்துல மின்சுற்று செஞ்சு பல்பு எரிய வெச்சவனைக் கூப்பிட்டு, தம்பி இதை வெச்சு இன்ஸ்பயருக்கு ஒண்ணு எழுதலாமான்னு யாரு கேக்குறாங்களோ அவங்கதான் அந்தப் பள்ளியோட திட்டம். சர்க்குலர்ல அந்த வரி இருக்காது.

எங்க ஸ்கூல்ல காசே இல்ல. களப்பயணம்னா எப்படி?

பஸ் பிடிச்சு தூரமா போனாத்தான் களப்பயணமா? நடந்து போற தூரத்துல என்னென்ன இருக்குன்னு மொதல்ல எண்ணுங்க. எங்க ஊர்ல போஸ்ட் ஆபீஸ், கூட்டுறவு பேங்க், ஆவின் பால் சேகரிப்பு மையம், துணை மின்நிலையம், கால்நடை ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம். பால் மையத்துல கொழுப்பு எவ்வளவுன்னு ஒரு மெஷின்ல அளக்குறாங்க, அப்பாகூட விடியக்காலைல கேன் தூக்கிட்டு தினம் போற பையனே அன்னைக்குத்தான் அந்த அக்காகிட்ட "இதுக்கு என்ன படிக்கணும்"னு கேட்டான். அந்த அக்கா பால்வளத்துல டிப்ளமோன்னு சொன்னாங்க. செலவு ஜீரோ, ஆளுக்கு ஒரு டம்ளர் பால் குடிச்சோம், அது கணக்குல வராது.

கொஞ்சம் காசு சேந்தா, வட மாவட்டத்துக்காரங்களுக்கு நான் சொல்ற இடம் ஜவ்வாது மலை காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒண்ணு அங்க இருக்கு, சனிக்கிழமை பொதுமக்களை விடுறாங்க, ஆனா மேகம் இருந்தா வானம் காட்டாது, கேட்டுட்டுப் போங்க. திருச்சில அண்ணா அறிவியல் மையம், சென்னைல பிர்லா கோளரங்கம், மதுரைல கலைஞர் நூற்றாண்டு நூலகம். நூலகத்துக்கு டிக்கெட்டே கெடையாது, அந்தக் கட்டடத்துக்குள்ள போய் "நானும் உள்ள வரலாமா"ன்னு பசங்க கேக்குற கேள்வி இருக்கே, அதுக்காகவே கூட்டிட்டுப் போகலாம்.

காலேஜ் பாக்கக் கூட்டிட்டுப் போறது நெஜமா பலன் தருதா?

எப்படி சுத்திக் காட்டுறாங்கன்னு பொறுத்தது. ஒரு தடவை போன காலேஜ்ல ஆடிட்டோரியத்துல உக்கார வெச்சு கட்டடம், பிளேஸ்மென்ட்டுனு ரெண்டு மணி நேரம் ஸ்லைடு ஓட்டிட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோட அனுப்பிட்டாங்க. இன்னொரு அரசு கலைக்கல்லூரில கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருத்தங்க, பேச்சே இல்ல, நேரா லேபுக்குக் கூட்டிட்டுப் போய் ஆளுக்கு ஒரு பியூரெட் (அளவு போட்ட கண்ணாடிக் குழாய்) குடுத்து டைட்ரேஷன் பண்ண வெச்சாங்க, அதாவது சொட்டு சொட்டா விட்டு நிறம் லேசா மாறுற இடத்துல சரியா நிறுத்தணும். எங்க கிளாஸ்ல வாயே தெறக்காத ஒரு பொண்ணு, ரெண்டு தடவை அதிகமா ஊத்தி அடர் ரோஸா ஆக்கிட்டு, மூணாவது தடவை சொட்டு சொட்டா விட்டு லேசான ரோஸ் நிறத்துல நிறுத்துச்சு. அந்த டீச்சர் குனிஞ்சு பாத்துட்டு "நீ வா, சேந்துக்கலாம்"னாங்க. திரும்பி வர்ற வழில அந்தப் பொண்ணு கேட்ட ஒரே கேள்வி, "சார், எங்க ஊர்லேருந்து இந்த காலேஜுக்கு காலைல எத்தன மணிக்கு பஸ்ஸு?" நான் சொல்ற மேப்பு இதுதான்.

அதனால போறதுக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி மூணு விஷயம் கேட்டு வாங்கிடுங்க: லேப்ல கை வைக்க விடணும், முதலாம் ஆண்டு பசங்ககூட தனியா அரை மணி நேரம் பேச விடணும், நாம பக்கத்துல நிக்கக் கூடாது, அப்புறம் மொத்த ஃபீஸு எவ்வளவு, எந்த ஸ்காலர்ஷிப் வரும்னு ஒரு தாள்ல எழுதித் தரணும்.

எங்க வீட்ல பொண்ணை டூருக்கு அனுப்ப மாட்டோம்னு சொல்றாங்க, என்ன பண்றது டீச்சர்?

இதை எங்க தமிழ் மிஸ்கிட்டதான் கேப்பாங்க, அவங்க சொல்றதையே எழுதுறேன். ஸ்லிப்ல கையெழுத்து வாங்கிட்டு வான்னு சொன்னா வராது. அம்மாவையே கூட வரச் சொல்லுங்க, ஒரு வண்டிக்கு நாலு அம்மா. ஒரு அம்மா பாத்துட்டு வந்தா அந்தத் தெருவே அடுத்த வருஷம் அனுப்பும். திரும்புற நேரம் சாயங்காலம் ஆறுன்னு சொன்னா ஆறுக்கே திரும்புங்க, ஒரு தடவை ஒம்பதாச்சுன்னா மூணு வருஷத்துக்குக் கதை முடிஞ்சது. டாய்லெட் எங்க இருக்குன்னு முன்னாடியே விசாரிங்க, பாதி பொண்ணுங்க வரமாட்டேங்குறதுக்குக் காரணம் அதுதான், வெளிய சொல்ல மாட்டாங்க.

பாத்தாலே மனசு மாறுமான்னு சந்தேகமா இருந்தா மேற்கு வங்கத்துல நடந்த ஆய்வைப் பாருங்க. ஊராட்சித் தலைவர் பதவியைப் பொண்ணுங்களுக்கு ஒதுக்கி, ரெண்டு தேர்தலா பொம்பளத் தலைவர் இருந்த ஊர்ல, ஆம்பளப் பிள்ளைக்கு ஒரு ஆசை பொம்பளப் பிள்ளைக்கு ஒரு ஆசைங்கற இடைவெளி பெத்தவங்ககிட்ட 25 சதவீதம், பசங்ககிட்ட 32 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2012-ல வந்துச்சு. யாரும் போய் கிளாஸ் எடுக்கல, தினம் கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான். உங்க ஊர்ல அப்படி ஒரு தலைவி இருந்தா, வீட்டுக்காரரு இல்லாம தனியா வரச் சொல்லி கூப்பிடுங்க.

எந்தப் போட்டின்னாலும் அதே அஞ்சு பசங்கதான் போறாங்க. சரியா?

தப்பு, நானும் பண்ணியிருக்கேன். ஜெயிச்சா ஸ்கூலுக்குப் பேருன்னு மேடைக்குப் பழகுனவனையே திரும்பத் திரும்ப அனுப்புவோம், மத்த முப்பத்தஞ்சு பேரு கை தட்டிப் பழகிடுவாங்க. இப்ப ஒரு ரூல் வெச்சிருக்கேன்: ஒரு வருஷத்துல ஒருத்தனுக்கு ரெண்டு போட்டிதான். பரிசு குறைஞ்சுடுச்சு, ஹெச்எம்முக்கு வருத்தம்தான்.

இதெல்லாம் பண்ணா மார்க்கு குறையாதா?

வாரத்துக்கு ஒரு பீரியட்ல குறையாது. பத்தாவது அரையாண்டுக்கு அப்புறம் எதையும் வைக்காதீங்க. பி.டி. பீரியடை மட்டும் புடுங்காதீங்க ப்ளீஸ்.

என்எம்எம்எஸ் பரீட்சைதானே, அதை ஏன் இந்த லிஸ்ட்ல சேக்குறீங்க?

ஏன்னா காசு. எட்டாவதுல எழுதி தேர்வானா ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் மாசம் 1,000 ரூபா கணக்குல வருஷம் 12,000. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பசங்களுக்கு, குடும்ப வருமானம் வருஷம் 3.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். மனத்திறன் 90 கேள்வி, பாடத்துலேருந்து 90 கேள்வி. டொமினிகன் குடியரசுல எட்டாவது பசங்ககிட்ட "படிச்சா எவ்வளவு சம்பளம் வரும்"னு உண்மைக் கணக்கைச் சொன்னதுக்கே அவங்க கூடுதலா படிச்சாங்கன்னு ஒரு ஆய்வு இருக்கு, ஆனா ரொம்ப ஏழை வீட்டுப் பசங்ககிட்ட அது எடுபடல, ஏன்னா ஆசை வந்தாலும் கைல காசில்ல. ஆசையும் காசும் சேந்து போகணும்.

ஒரு எச்சரிக்கை, தேர்வானதும் வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க, போர்ட்டல்ல வருஷா வருஷம் புதுப்பிக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனுக்கு ஆதார்ல ஒரு எழுத்து, பேங்க்ல ஒரு எழுத்துன்னு பேரு மாறி ஒரு வருஷப் பணம் போச்சு, அந்த வருஷம் லீவு நாள்ல செங்கல் சூளைக்குப் போனான். ஆக்டிவிட்டின்னா மேடையும் மைக்கும்தான்னு நெனைக்கிறவங்க ஒரு சனிக்கிழமை பசங்க பாஸ்புக்கையும் ஆதாரையும் ஒத்துப் பாத்தீங்கன்னா அதைவிடப் பெரிய ஆக்டிவிட்டி இல்ல.

டாக்டர், இன்ஜினியர் தவிர பசங்களுக்கு எதைச் சொல்றது?

நான் மாசம் ஒண்ணு போர்டுல எழுதுவேன். சேலத்துல கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், நெசவாளி வீட்டுப் பசங்க நிறைய உள்ள ஊர்க்காரங்க கட்டாயம் சொல்லணும். மாமல்லபுரத்துல சிற்பக் கல்லூரி. நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகம். கிண்டில சிபெட், பிளாஸ்டிக் சம்பந்தமான படிப்பு. தரமணில திரைப்படக் கல்லூரியும் ஹோட்டல் மேனேஜ்மென்ட்டும். அண்ணா யுனிவர்சிட்டில தோல் தொழில்நுட்பம், ஆம்பூர் வாணியம்பாடி பக்கத்துப் பசங்களுக்கு வீட்டு வாசல்லயே வேலை.

பிளஸ் ஒன்ல நல்ல பிரைவேட் ஸ்கூல்ல போடலாம்னு இருக்கோம், ஆசை வந்துடுச்சு பையனுக்கு…

அய்யா, அம்மா, ஒரு நிமிஷம். ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருந்தா மெடிக்கல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லேருந்து இருக்கு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம்னு விரிச்சாங்க, அதுல சேந்தா ஃபீஸும் அரசு கட்டுது. பொண்ணுக்கு புதுமைப் பெண், பையனுக்கு தமிழ்ப் புதல்வன், காலேஜ் போனா மாசம் 1,000. நடுவுல மாத்துனா இதெல்லாம் போயிடும். மாத்தாதீங்கன்னு சொல்லல, கணக்குப் போட்டுட்டு மாத்துங்க. இது பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்துல சொல்லவேண்டிய விஷயம், நாங்க அந்த வாரம் லீவுல இருப்போம், அதான் கொடுமை.

நான் பழைய மாணவன், வெளியூர்ல இருக்கேன். ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாமா?

தந்தா வாங்கிக்குவோம், ஆனா அதைவிட ஒண்ணு கேக்கறேன். பிளஸ் டூ முடிக்கிற ஒரு பையன் நம்பரை வாங்கிக்கோங்க, மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரைக்கும் அவன்கூட ஃபோன்ல இருங்க. கவுன்சிலிங் அப்ளிகேஷன், சாய்ஸ் ஃபில்லிங், வருமானச் சான்று, ஹாஸ்டல் எல்லாத்துலயும். அவன் அப்பா அம்மா பண்ண முடியாத வேலை அது ஒண்ணுதான்.

ஆசையைக் காட்டிட்டு கெடைக்கலேன்னா? ஏமாத்துற மாதிரி ஆகாதா?

ஆகும். எனக்கும் நைட்டு தூக்கம் வராத கேள்வி இது. டாக்டர் ஆகலாம்னு நாமளே ஏத்திவிட்டு, நீட்ல வராம, ரெண்டாவது தடவையும் வராம, ஒரு பொண்ணு வீட்டுக்குள்ளயே முடங்கிக் கெடந்ததை நான் பாத்திருக்கேன். அதுலேருந்து ஒரே ஒரு கனவைக் காட்டுறதை விட்டுட்டேன். துண்டு பேப்பர்ல இப்ப மூணாவதா ஒரு வரி எழுதச் சொல்றேன், "இது கெடைக்கலேன்னா இதே பக்கத்துல வேற என்ன". டாக்டருக்குப் பக்கத்துல நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, லேப், ரேடியாலஜி எல்லாம் ஒரே கட்டடத்துலதான் இருக்குன்னு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். பிளஸ் டூவோட நின்னுட்டவங்களைத் தேடிப்புடிச்சு சேக்க உயர்வுக்குப் படின்னு முகாம் நடக்குது, அந்தப் பொண்ணை அங்கதான் கூட்டிட்டுப் போனோம், இப்ப நர்சிங் ரெண்டாவது வருஷம். எல்லாருக்கும் இப்படி முடியுறதில்ல.

வேலை செஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அந்தத் துண்டு பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க. நான் கவர்ல போட்டு வெச்சு, பத்தாவது முடியும்போது மறுபடி எழுத வெச்சு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பேன். முன்பக்கம் மாறுச்சான்னு பாக்க மாட்டேன், பின்பக்கம் நிரம்புச்சான்னுதான் பாப்பேன். போன மார்ச்ல, ஒம்பதாவதுல வெறும் "போலீஸ்"னு எழுதியிருந்த ஒருத்தன் பின்பக்கம் இப்படி எழுதியிருந்தான்: "தடயவியல். சயின்ஸ் குரூப். பி.எஸ்சி எங்க இருக்குன்னு தெரியல, சார் கேட்டு சொல்லணும்." எனக்கும் அப்ப தெரியல, அன்னைக்கு சாயங்காலம் நாலு காலேஜுக்கு ஃபோன் போட்டேன்.